ஏலிக்குட்டி வாத்துகளோடு பேசிய பதினொரு நாள்

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘கணவனும் மனைவியும் மனம் திறந்து பேசுவது எப்படி’ என்று உங்களுக்குப் பாடம் நடத்த என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். என் மனைவி என்னோடு பேசிப் பதினொரு நாள் ஆகிறது.

சிரியுங்கள், தடையில்லை. வணக்கத்துக்கு வருகிறேன்.

இந்த மூன்று நாள் திருமண ஆயத்த முகாமுக்குத் தலைமை தாங்கி, தாம் திருமணமே செய்துகொள்ளாத காரணத்தால் திருமணத்தைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட நிம்மதியாகப் பேசும் வல்லமை பெற்ற பங்குத் தந்தை குரியாக்கோஸ் அச்சன் அவர்களே. அச்சன் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்து, நினைவில் வைத்ததையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டும் நீங்காத பொறுமைக்காரி சிஸ்டர் மெர்லின் அவர்களே. பெண்ணுக்கும் மகனுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இடைவெளி இருக்கிறது என்று வராந்தாவில் நின்று கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கும் அன்னையரே. படகில் குடையை விட்டுவிட்டு அதை இன்னும் வீட்டில் சொல்லாத பெரியோர்களே. கைப்பிடிக்கப் போகும் காளையரே, கன்னியரே. பெண்ணே இன்னும் பார்க்கவில்லை, சான்றிதழையாவது முதலில் வாங்கி வைப்போம் என்று ஒற்றையாக வந்து ஓரத்தில் ஒடுங்கியிருக்கும் ஒப்பற்ற தைரியசாலிகளே. உங்கள் எல்லோர் முன்னும் என் தலை தாழ்கிறது. முழங்கால் தாழாது, அதில் வாதம்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் வர்க்கிச்சன். படிப்பு நாலாம் வகுப்பு. அதற்குமேல் ஆசிரியர் என்னைக் கைவிட்டார், நான் அவரைக் கைவிட்டேன், இருவரும் நலம். தொழில், பயணப் படகில் கயிறு வீசுவது. படகு துறைக்கு வந்தால் கட்டுவேன், மணி அடித்தால் அவிழ்ப்பேன். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக முப்பத்தொரு வருடம் இந்தக் குட்டநாட்டுத் தண்ணீரில் ஓடிவிட்டது.

கயிறு கட்டுகிறவனுக்குக் கல்யாண முகாமில் என்ன வேலை? நியாயமான கேள்வி. நம் கல்யாணத்தில் மணமகன் மின்னு கட்டுகிறான் அல்லவா, அந்த அரசிலைத் தாலியைக் கழுத்தில் கட்டும்போது ஆண்கெட்டு போட வேண்டும். வலது இடதின்மேல், பிறகு இடது வலதின்மேல். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது பெண்கெட்டு, இழுத்தால் நழுவிவிடும். நழுவுகிற முடிச்சுக்குப் பெண் பெயரும் நிற்கிற முடிச்சுக்கு ஆண் பெயரும் வைத்தவன் கட்டாயம் ஒரு ஆண்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படித்த பிள்ளைகள், பொறியாளர்கள், கத்தாரில் கோபுரம் கட்டுகிறவர்கள், பலிபீடத்தின் முன்னால் வந்து நின்று பெண்கெட்டு போட்டுவிட்டு வேர்க்கிறார்கள். அதனால் ஒன்பது வருடமாக முகாமின் மூன்றாம் நாள் காலை முடிச்சு வகுப்பு என்னுடையது. இன்று காலையும் முப்பத்தெட்டு மணமகன்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். முப்பத்தாறு பேர் கற்றுக்கொண்டார்கள். மற்ற இருவரின் பெயரை நான் சொல்லவில்லை, அவர்களுடைய பெண்கள் அவர்களை ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முடிச்சோடு என் வேலை முடிந்தது. மூட்டையைக் கட்டினேன். ஆனால் ‘மனம் திறந்து பேசுதல்’ வகுப்பு எடுக்க வேண்டிய டாக்டரம்மா வரும் வழியில் வரப்பு உடைந்து, சாலை முழுக்கத் தண்ணீர். அச்சன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வர்க்கிச்சா, நீதான் பேசணும்.”

“அச்சா, அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“இருபத்தெட்டு வருஷமா ஒரே பொண்டாட்டியோட இருக்கியே, அது போதும். மூணு மணிக்கு ஆசீர்வாதம். நீயும் ஏலிக்குட்டியும் கைகோத்து மேடையில நின்னா, பிள்ளைங்களுக்கு ஒரு உதாரணமா இருக்கும்.”

உதாரணமாம். அச்சா, நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். அந்த உதாரணத்தின் ஒரு பாதி இங்கே மைக்கின் முன்னால் நிற்கிறது. மறு பாதி பின்னால் சமையல்கட்டில் உங்களுக்கெல்லாம் மதியச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவில் பதினொரு நாள் மௌனம். அது மட்டுமா? ஏலிக்குட்டி பையில் துணி எடுத்து வைத்தாயிற்று. நாளைக் காலை ஆறு மணிப் படகில் தொடுபுழைக்கு, அவளுடைய அக்கா வீட்டுக்கு. எப்போது திரும்புவாள் என்பது பையின் கனத்தைப் பார்த்தால் தெரிகிறது. மழைக்காலப் போர்வையும் உள்ளே இருக்கிறது.

அந்த ஆறு மணிப் படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டியவன் யார்? நான்தான்.

ஏன் போகிறாள்? தெரியாது. என்ன செய்தேன்? தெரியாது. எப்போது செய்தேன்? அதுவும் தெரியாது. கண்ணாடி பார்த்தேன், காலண்டர் பார்த்தேன், கல்யாண நாள் அல்ல, பிறந்த நாள் அல்ல, அவள் அப்பாவின் நினைவு நாளும் அல்ல. காயலில் மூடுபனி இறங்கினால் முன்னால் துறை இருக்கிறதா பாறை இருக்கிறதா தெரியாது; ஆனாலும் விசில் ஊதினால் எதிர்ப் படகிலிருந்து பதில் விசில் வரும். என் வீட்டில் அதுவும் இல்லை. எத்தனை விசில் ஊதினேன் தெரியுமா?

பேசவே மாட்டாள் என்று நினைக்காதீர்கள். பேசுகிறாள், வாத்துகளிடம். எங்கள் வீட்டில் பதினான்கு வாத்து. காலையில் கூண்டைத் திறந்துவிட்டு அவற்றிடம் சொல்வாள்.

“சில பேருக்குக் கஞ்சி மேசை மேல மூடி வச்சிருக்கு. சூடா இருக்கும்போதே குடிச்சா நல்லது.”

வாத்து என்னைப் பார்க்கும். நான் வாத்தைப் பார்ப்பேன்.

“தேங்கா தீந்துபோச்சுன்னு சில பேருக்குத் தெரியாதா?” வாத்து தலையாட்டும். அதற்குத் தெரிந்திருக்கிறது.

என்னம்மா மூன்றாவது வரிசை? நேராகப் போய்க் கேட்கக் கூடாதா என்கிறாயா? கேட்டேன் மகளே. முதல் நாள் மாலையே கேட்டேன்.

“ஏலிக்குட்டி, என்னடீ ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான். மணமகன்களே, ஆண்கெட்டை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒன்றுமில்லை என்று ஒரு பெண் சொன்னால், அங்கே ஒன்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது. சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் மகள் டீனா அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்குப் போன் போட்டேன். அவள் அம்மாவுக்குப் போட்டாள். பிறகு எனக்குப் போட்டாள். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் எட்டு அடி தூரம். என் கேள்வி அயர்லாந்து போய்த் திரும்பி வந்தது.

“அப்பச்சா, நீங்க என்ன பண்ணினீங்க?”

“அதத்தான்டீ நானும் கேக்குறேன். கோயில் பெருநாள் அன்னிக்கு அவ துறைக்கு வர்றதுக்குள்ள படகக் கிளப்பிட்டேன். அதுக்கா?”

அது நடந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். புதுச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்து, கையில் பலகாரப் பொட்டலத்தோடு என் சொந்த மனைவி ஓடி வருகிறாள். மணி அடித்தது, நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அரசாங்கப் படகுக்கு நேரம் நேரம்தானே? அவள் துறையில் நின்று பார்த்தாள். நான் படகில் நின்று கையாட்டினேன். கையாட்டியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “அப்பச்சா, அது இல்லையாம். அது மூணு வருஷம் முன்னாடியாம். அதுக்கு அப்பவே மூணு நாள் பேசலையாம்.”

“அப்படியா? எனக்குத் தெரியலையே.”

“தெரியலன்னும் சொன்னாங்க.”

“சரி, அவ அண்ணன் குடுத்த பலாப்பழம் சவசவன்னு இருக்குன்னேனே, அதுக்கா?”

“அது இல்லையாம். அம்மாவுக்கும் அது சவசவன்னுதான் இருந்துச்சாம்.”

“அப்புறம் என்னதான்டீ வேணுமாம்?”

“அதச் சொன்னா உங்க கூடப் பேசின மாதிரி ஆயிடுமாம். அப்பச்சா, எனக்கு வார்டுல கூப்புடுறாங்க.”

இதுதான் என் நிலை. சொல்லுங்கள், உங்களில் யாருக்காவது விளங்குகிறதா? நான் குடிப்பதில்லை. அடிப்பதில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், பாதி விழித்தும் இருக்கிறேன். வீட்டில் எதை எடுத்தாலும் கேட்டுத்தான் எடுக்கிறேன். எதை எடுத்தாலும். அன்றுகூட அப்படித்தான்.

எந்த அன்று என்கிறீர்களா? அது உங்களுக்காக நடந்தது, அதனால் சொல்கிறேன். முன்பெல்லாம் இந்த வகுப்பில் படகுக் கயிற்றில்தான் முடிச்சுப் பழக்குவேன். பிள்ளைகள் கயிற்றில் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கோயிலில் மெல்லிய நூலைக் கண்டதும் விரல் நடுங்கும். போன மாதம் ஒரு மணமகன் மின்னோடு சேர்த்துப் பெண்ணின் முடியையும் கட்டிவிட்டான். அதனால் அச்சன் சொன்னார், மின்னு கட்டுவது போலவே நிஜமான பட்டு நூல், ஏழு இழை சேர்த்து, ஆளுக்கு ஒரு சரடு கொடு என்று. முப்பத்தெட்டு பேர், ஆளுக்கு ஏழு இழை. இருநூற்று அறுபத்தாறு இழைக்கு எங்கே போவேன்? பன்னிரண்டு நாள் முன்பு, மழை பிடித்த ஒரு மத்தியானம், பழம்பெட்டியைக் கிளறினேன். அடியிலே ஒரு பட்டுப்புடவை. வெளிர் ரோஜா நிறம், மெல்லிய சரிகை. பாச்சை உருண்டை வாசம். பழைய துணியில் சுற்றி, அதன்மேல் இன்னொரு துணி சுற்றி, கிடந்தது.

நான் என்ன திருடனா? நேராக ஏலிக்குட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“எடீ, இது எந்தக் கெழவியோட புடவ? நூலு நல்லாருக்கு. எடுத்துக்கட்டுமா?”

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புடவையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி புடவையைப் பார்த்தாள்.

“உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க” என்றாள்.

அனுமதி. தெளிவான அனுமதி. எனக்குத் தோன்றியதைச் செய்தேன். வராந்தாவில் உட்கார்ந்து முந்தானை ஓரத்திலிருந்து உருவத் தொடங்கினேன். அதிலும் ஒரு வசதி பாருங்கள், அந்த ஓரத்தில் ஏற்கெனவே யாரோ ஏழெட்டு இழை உருவிய தடம் இருந்தது. ஆகா, நமக்காக யாரோ தொடங்கி வைத்திருக்கிறார்களே என்று மகிழ்ந்து…

என்ன? ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டீர்கள்?

மைக் வேலை செய்கிறதா?

தாய்மார்களே, ஏன் வாயில் கை வைக்கிறீர்கள்? சொல்லம்மா, நீ சொல். எழுந்து நின்று சொல். பெயர் என்ன, லிஸ்மோளா? சொல் லிஸ்மோள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். இந்தப் பெண் என்னிடம் கேட்கிறாள்: “சேட்டா, ஏழு இழையா உருவியிருந்துச்சா? அது உங்க கல்யாண மந்திரகோடி இல்லியா?”

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் சிஸ்டர்.

மந்திரகோடி. கல்யாணத்தன்று மணமகன் பெண்ணின் தலையில் போர்த்தும் புடவை. அதிலிருந்து ஏழு இழை உருவித்தான் மின்னுச் சரடு முறுக்குவோம். ஒன்பது வருடமாக இந்த மேடையில் நின்று இதை நான் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று காலையும் சொன்னேன். என் கல்யாணத்தில் அந்த ஏழு இழையை என் அக்கா உருவினாள், நான்தான் முறுக்கினேன். நான்தான் கட்டினேன். அந்தப் புடவையை இந்தக் கைதான் அவள் தலைமேல் போட்டது.

என் கல்யாண நாளில் பெய்த மழை எனக்கு நினைவிருக்கிறது. விருந்தில் வாத்து வறுவல் பத்தாமல் போனது நினைவிருக்கிறது. யார் யார் இரண்டு முறை வாங்கித் தின்றார்கள் என்று இப்போதும் பெயரோடு சொல்வேன். புடவை நினைவில்லை. நிறம் நினைவில்லை. இருபத்தெட்டு வருடம் அவள் இரண்டு துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய், இது எந்தக் கிழவியுடையது என்று அவளிடமே கேட்டிருக்கிறேன்.

நம் ஊர்ப் பெண்கள் அதை எதற்காக வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி நாளில் அவர்களைப் போர்த்தி அனுப்புவதற்காக.

தம்பிகளே, உங்கள் கையில் இப்போது இருக்கிறதே, காலையிலிருந்து முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, பல்லால் இழுத்து, விரலில் சுற்றி விளையாடிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தச் சரடு. அது ஏலிக்குட்டியின் மந்திரகோடி.

யாரும் எதையும் செய்யாதீர்கள். அப்படியே இருங்கள். டிஜோ, வாயிலிருந்து எடு.

நான் கேட்டேனே, கேட்டுத்தானே எடுத்தேன் என்று ஒரு நிமிடம் முன்பு வரை மார்தட்டினேன். எதைக் கேட்டேன்? எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். இது உனக்கு என்ன என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை, நூலைப் பார்த்தேன். என்ன தோணுதோ செய்யுங்க என்றாளே, அது அனுமதியா? அது அவள் எனக்குக் கொடுத்த கடைசி நேரம். துறையில் ஓடி வருகிறவளுக்காகப் படகை அரை நிமிடம் நிறுத்துவது போல. அங்கேயும் நான் நிறுத்தவில்லை.

வாய் திறந்து பேசுவதற்கு வகுப்பு வைக்கிறோம். வாய் எனக்கு எப்போதும் திறந்துதான் இருக்கிறது, ஊருக்கே தெரியும். கேட்ட கேள்விக்குப் பின்னால் காத்து நிற்கத் தெரிந்ததா? கண்ணைப் பார்த்து நிற்கத் தெரிந்ததா? காரணம் தெரியாமல் குழம்பும்போது, வீட்டுக்குள் எட்டு அடி நடப்பதற்குப் பதில் அயர்லாந்துக்குப் போன் போட்டவன் நான். பிள்ளைகளே, முடிச்சு கையில் இருக்கிறது, கற்றுக்கொண்டீர்கள். ஆனால் எந்த நூலில் போடுகிறோம் என்று பார்க்காமல் போடுகிறவனுக்கு முடிச்சு தெரிந்து என்ன பயன்? உங்கள் பெண் எதை இரண்டு துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு? பெண்களே, நீங்களும் சிரிக்காதீர்கள். அவன் எதைச் சுற்றி வைத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று மாலை படகில் போகும்போது கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை மூடிக்கொண்டே இருங்கள். என்னால் முடியாததைத்தான் உங்களிடம் கேட்கிறேன், தெரிந்தே கேட்கிறேன்.

பின்பக்கம் ஏன் எல்லோரும் திரும்புகிறீர்கள்?

ஓ.

எவ்வளவு நேரமாக அந்தக் கதவோரம் நிற்கிறாள்? ஆரம்பத்திலிருந்தேவா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே. வழி விடுங்கள். அவள் கையில் கரண்டி இருக்கிறது, கொஞ்சம் தள்ளியே வழி விடுங்கள்.

ஏலிக்குட்டி, நான்…

பின்னால் இருப்பவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். இவள் மைக் வேண்டாம் என்கிறாள். என்னை ‘இச்சாயா’ என்று பழையபடி கூப்பிட்டுச் சொன்னது இது: “நூலு போச்சுன்னா நான் பேசாம இருந்தேன்? எந்தக் கெழவின்னு கேட்டீங்க பாருங்க, இச்சாயா. அந்தக் கெழவி நான்தான்.”

ஆமாம். நீதான்.

இல்லை, நான் அப்படி ஆமாம் என்று சொல்ல வரவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வந்தேன். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மறந்துபோனேன் ஏலிக்குட்டி. மறந்தது மட்டுமில்லை, பார்க்கவும் இல்லை.

தம்பிகளே, வரிசையாக வந்து அவள் கையில் சரடைக் கொடுத்துவிடுங்கள்.

வேண்டாமாம். உட்காருங்கள். என்ன சொல்கிறாள் என்றால்: “இப்ப வேண்டாம். பல்லுல கடிச்சத எவ வாங்குவா? ஒழுங்கா முடிச்சுப் பழகட்டும். கல்யாணம் முடிஞ்சு பொண்டாட்டியக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்து குடுக்கட்டும். அப்ப அந்தப் பொண்ணோட மூஞ்சிய நான் பாக்கணும்.”

முப்பத்தெட்டு ஜோடியா? முப்பத்தெட்டு ஜோடிக்கும் சாப்பாடா?

“வாத்து இருக்கு” என்கிறாள்.

நாளைக் காலைப் படகு என்று இழுத்தேன். அதற்கு இவள் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்த வகுப்பின் தலைப்பே அதுதானே. “பை அங்கேயே இருக்கட்டும். தொறந்து உள்ள என்ன இருக்குன்னு நீங்க பாருங்க. ஒவ்வொண்ணா எடுத்து என்ன, ஏதுன்னு கேளுங்க. அப்புறம் சொல்றேன், போறதா வேண்டாமான்னு.”

பதின்மூன்று வாக்கியம். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினொரு நாளுக்குப் பதின்மூன்று வாக்கியம், ஒரு வாத்தும் நடுவில் இல்லை.

என் அன்பு நெஞ்சங்களே, எனக்கு இன்னும் பாதி புரியவில்லை. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது, எதைப் பற்றி எப்படிக் கேட்க வேண்டும் என்றும் தெரியாது. ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக, தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. அச்சா, மூன்று மணி ஆசீர்வாதத்துக்கு நாங்கள் இருவரும் நிற்கிறோம். உதாரணமாக அல்ல. சும்மா நிற்கிறோம். கை கோப்பதா என்பதை இவள் அப்போது சொல்வாளாம்.

வாய்ப்பளித்த அச்சனுக்கும், வரப்பை உடைத்த தண்ணீருக்கும், வாய்விட்டுச் சொன்ன லிஸ்மோளுக்கும், அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் அந்தப் பாக்கியவானுக்கும், எழுந்து நில் தம்பி, எல்லோரும் பார்க்கட்டும், வராந்தாவில் நின்று எனக்காகக் கண் துடைத்த தாய்மார்களுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, நீங்கள் போர்த்தப் போகும் புடவையின் நிறத்தை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன்.

ஒரு நிமிடம். சிஸ்டர் மெர்லின் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார். படிக்கிறேன். முக்கால் மணி நேரமாகச் சமையல்கட்டில் ஆள் இல்லாத காரணத்தால் மாட்டிறைச்சிக் கறி அடிப்பிடித்துவிட்டது. சோறும் மோர்க்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் உண்டு. பந்தி இரண்டாகப் பரிமாறப்படும்.